கொலையாளி முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால் மர்மம் எங்கே? ஜப்பானிய க்ரைம் நாவல்களின் வகைகளும் பரிந்துரைக் குழப்பமும்

2025 ஜூலையில், மொழிபெயர்ப்புக் குற்றப் புனைவுக்கு பிரிட்டனில் தரப்படும் டாகர் விருது அகிரா ஓட்டானியின் 'தி நைட் ஆஃப் பாபா யாகா'வுக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் யூடியூபில் வெள்ளை முகமூடியோடு தோன்றும் உகெட்சுவின் 'ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்' ஆங்கிலத்தில் வந்தது. கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' எப்போதோ வந்துவிட்டது, இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. கடையில் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும். மேலே 'ஜப்பானிய க்ரைம்' என்று ஒரு அட்டை.

மூன்றையும் வாங்கிப் படித்தவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். முதலாவதில் துப்பறிவாளரே கிடையாது. யாகுசா எனப்படும் ஜப்பானிய ரவுடிக் கும்பல் ஒன்றின் தலைவனுடைய மகளுக்குக் காவலாக இழுத்துவரப்பட்ட ஒரு பெண்ணின் அடிதடிக் கதை அது. இரண்டாவதில் ஓவியங்களை உற்றுப் பார்த்து நாமே புதிரை அவிழ்க்க வேண்டும். மூன்றாவதில் யார் கொன்றது, எங்கே, எதை வைத்து என்பதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. 'மர்மமே இல்லையே, இதையா எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் தவறான எதிர்பார்ப்போடு ஒரு நல்ல புத்தகம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

க்ரைம் நாவலைப் பரிந்துரைக்கும்போது 'நல்லா இருக்கும்' என்பதைவிட 'இது எந்தக் கேள்வியைக் கேட்கிற புத்தகம்' என்பதைச் சொன்னால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் நல்ல இடம். நூறு ஆண்டுகளாக அவர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு சண்டையும் ஒரு வகைப் பெயரை விட்டுச் சென்றிருக்கிறது.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த க்ரைம் நாவலும் வாசகரைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்ல ஒரு விடை தெரியாத கேள்வியை நம்பியிருக்கிறது. அடிப்படையில் அவை மூன்று.

1. யார்? ஒரு பிணம், ஏழெட்டு சந்தேக நபர்கள். அகதா கிறிஸ்டி படித்த எல்லோருக்கும் பழக்கமானது.

2. எப்படி? உள்ளே தாழிட்ட அறையில் கொலை. அல்லது கொலை நடந்த நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த சந்தேக நபர். யார் என்று தெரிந்துகூட இருக்கலாம். செய்த விதம்தான் புரியாது.

3. ஏன்? யார், எப்படி இரண்டும் தெரிந்த பிறகும் மனதில் ஒட்டாத காரணம்.

இவற்றோடு ஒரு தலைகீழ் வடிவமும் உண்டு. குற்றத்தை முதலில் காட்டிவிட்டு, பிடிபடுவாரா என்று பார்க்க வைப்பது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வந்த 'தி சிங்கிங் போன்' தொகுப்பில் தொடங்கிவைத்தது இது. ஜப்பானில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: தோஜோ. நமக்கு இது புதிதல்ல. 'பாபநாசம்' பார்த்த அத்தனை பேரும் தலைகீழ் மர்மத்தை ரசித்தவர்கள்தான். கொலை நம் கண் முன்னால் நடக்கிறது. மிச்சப் படம் முழுக்க, போலீஸ் எந்த இடத்தில் சறுக்கப்போகிறது என்பதுதான். அதன் மலையாள மூலமான 'த்ருஷ்யம்' சஸ்பெக்ட் எக்ஸைத் தழுவியது என்று குற்றச்சாட்டு எழுந்தது, இயக்குநர் ஜீத்து ஜோசப் அதை மறுத்தார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். இரண்டும் ஒரே வடிவத்தைச் சேர்ந்தவை என்பது மட்டும் இங்கே போதும்.

ஹொன்காக்கு: எல்லாத் துப்பும் உங்கள் முன்னால்

ஜப்பானிய நவீன துப்பறியும் கதையின் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது 1923. 'ஷின்செய்னென்' என்ற இதழில் 'இரண்டு சென் செப்புக்காசு' என்ற சிறுகதை வந்தது. எழுதியவர் எடோகாவா ராம்போ. எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் சொல்லிப் பாருங்கள், புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ராம்போவிடம் இரண்டு ஆள் இருந்தார்கள். ஒருவர் சங்கேதம், தர்க்கம் என்று கறாராக எழுதுபவர். மற்றவர் விகாரம், வக்கிரம், கனவு என்று போகிறவர். இந்த இரண்டையும் பிரித்துப் பேச 1920-களில் வந்த சொல்தான் ஹொன்காக்கு: முறைப்படியான, அசல் துப்பறியும் கதை. மற்றதெல்லாம் ஹென்காக்கு, அதாவது வழி மாறிப்போனது.

ஹொன்காக்கு வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். துப்பறிவாளருக்குத் தெரிந்த ஒவ்வொரு துப்பும், அவர் விடையைச் சொல்வதற்கு முன்பே வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் பத்துக் கட்டளைகள் எழுதினார்: பேய் பிசாசு கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிவாளரே கொலையாளியாக இருக்கக் கூடாது, இப்படி. மேலை நாடுகளில் அந்த ஒழுங்கு பின்னாளில் நெகிழ்ந்துபோனது. ஜப்பான் அதை விடாமல் பிடித்துக்கொண்டது.

போர்க்காலத்தில் துப்பறியும் கதைக்கே இடமில்லாமல் போனது. ராம்போவின் 'கம்பளிப்பூச்சி' 1939-இல் தடை செய்யப்பட்டது. போரில் கை கால்களை இழந்து வீடு திரும்பிய சிப்பாயைப் பற்றிய கதை, அந்தச் சூழலில் ராணுவத்துக்கு எப்படிப் பிடிக்கும்? போர் முடிந்த கையோடு, 1946-இல், செய்ஷி யோகோமிசோ 'தி ஹொன்ஜின் மர்டர்ஸ்' தொடரை ஆரம்பித்தார். பனி பெய்த இரவு, திருமணம் முடிந்த ஜோடி, தாழிட்ட வீட்டுக்குள் இரண்டு பிணம், வெளியே பனியில் குத்தி நிற்கும் வாள், சுற்றிலும் காலடித் தடம் இல்லை. காகிதக் கதவும் மூங்கிலுமாக இருக்கும் ஜப்பானிய வீட்டில் தாழிட்ட அறைப் புதிர் எழுத முடியாது என்பதுதான் அதுவரை பேச்சு. யோகோமிசோ அதை எழுதிக் காட்டினார், அதுவும் முழுக்க அந்த ஊர்ச் சாமான்களை வைத்தே. கிறிஸ்டி பிடித்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஜப்பானியப் புத்தகம் இதுதான்.

டோக்கியோ நிலையத்தில் நான்கு நிமிடம்

1950-களின் இறுதியில் காற்று திசை மாறியது. மாற்றியவர் செய்ச்சோ மட்சுமோட்டோ. 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' 1957-இல் ஒரு பயண இதழில் தொடராக வந்தது. 2022-இல் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் புது மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

கியூஷூ தீவில் காஷிய் கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடக்கிறார்கள். விஷம் கலந்த பழச்சாறு. பார்த்தால் காதலர் தற்கொலை. வழக்கை மூடிவிடலாம் என்கிறார்கள். வயதான உள்ளூர் போலீஸ்காரர் ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இறந்தவனின் பையில் ரயிலின் உணவுப் பெட்டியில் சாப்பிட்ட ரசீது இருக்கிறது, அதில் 'ஒரு நபர்' என்று போட்டிருக்கிறது. சேர்ந்து சாகக் கிளம்பியவர்களில் ஒருவன் மட்டும் ஏன் தனியாகப் போய்ச் சாப்பிட வேண்டும்?

அடுத்து டோக்கியோ. அந்த ஜோடி 15-ஆம் நடைமேடையில் 'அசாகாசே' இரவு ரயிலில் ஏறியதை 13-ஆம் நடைமேடையில் நின்ற சாட்சிகள் பார்த்திருக்கிறார்கள். நடுவில் எப்போதும் ஏதாவது ரயில் நின்றுகொண்டோ போய்க்கொண்டோ இருக்கும். கால அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு நாளில் மாலை 5.57 முதல் 6.01 வரை, நான்கே நிமிடம்தான் 13-இலிருந்து 15 தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் தற்செயலாகச் சாட்சிகள் அங்கே நின்றார்களா, நிறுத்தப்பட்டார்களா?

யார் மீது சந்தேகம் என்பது வாசகருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அந்த ஆள் கொலை நேரத்தில் நாட்டின் மறு கோடியில், ஹொக்கைடோவில் இருந்ததாகக் காட்டுகிறான். நாவல் முழுக்க அந்த அலிபியை ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்குவதுதான். இது வரைக்கும் ஹொன்காக்குதான். ஆனால் மட்சுமோட்டோவுக்குப் புதிர் மட்டும் போதவில்லை. இறந்தவன் ஓர் அமைச்சகத்தின் கீழ்நிலை அதிகாரி. மேலே லஞ்ச விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது. மேலிடத்தைக் காப்பாற்றக் கீழே இருப்பவன் சாவது என்ற யதார்த்தம் கதையின் அடியில் கிடக்கிறது. மாளிகை, வாள், பனி எல்லாம் போய், அலுவலகம், ரயில் நிலையம், சம்பளக்காரர்கள் வந்தார்கள். இந்த வகைக்குப் பெயர் ஷாக்காய்ஹா, சமூகப் பள்ளி, அதாவது சமூகத்தைப் பேசும் எழுத்து மரபு.

ஷாக்காய்ஹாவின் கேள்வி 'ஏன்'. அதுவும் அந்தத் தனி மனிதன் ஏன் செய்தான் என்பதோடு நிற்காது, இப்படிச் செய்யும் இடத்துக்கு அவனை எது தள்ளியது என்று கேட்கும். இதன் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது மட்சுமோட்டோ அல்ல, மியுகி மியாபே 1992-இல் எழுதிய நாவல். ஆங்கிலத்தில் 'ஆல் ஷி வாஸ் வொர்த்'. கால் காயத்தால் விடுப்பில் இருக்கும் போலீஸ்காரரிடம் உறவுக்காரப் பையன் வருகிறான்: நிச்சயித்த பெண்ணைக் காணோம். அவளுக்குக் கிரெடிட் கார்டு வாங்க விண்ணப்பித்தபோது, அவள் ஏற்கெனவே திவாலானவள் என்று தெரியவந்த மறுநாள் மறைந்துவிட்டாள். தேடிப் போகப் போக, அந்தப் பெயருக்குரியவளும் காணாமல்போனவளும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் எழுகிறது. நுகர்வோர் கடன் எப்படிப் பெருகுகிறது என்று ஒரு வழக்கறிஞர் நாவலுக்குள் பாடமே எடுக்கிறார். சில வாசகர்களுக்கு அந்த இடம் சலிப்பூட்டும். கடன் செயலிகளின் மிரட்டல் குறுஞ்செய்திகளைப் பார்த்த இன்றைய நம் வாசகருக்குச் சலிக்காது என்று நினைக்கிறேன்.

மாணவர்களின் கலகம்

சமூகப் பள்ளி கோலோச்சிய காலத்தில் தாழிட்ட அறை, தனித்தீவு என்று எழுதுவது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. 1981-இல் சோஜி ஷிமாடா 'தி டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்' எழுதினார். நடுவில் கதையை நிறுத்தி, 'துப்பெல்லாம் உங்களிடம் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்' என்று வாசகருக்குச் சவால் விடும் நாவல். 1987-இல் கியோட்டோ பல்கலைக்கழக மர்மக்கதைச் சங்கத்திலிருந்து வந்த யுகிட்டோ அயாட்சுஜி 'தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்' வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழக மர்மக்கதைச் சங்க மாணவர்கள், மேலை எழுத்தாளர்களின் பெயர்களையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டு, ஆளில்லாத் தீவுக்குப் போய் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அதோடு ஷின் ஹொன்காக்கு, புதிய ஹொன்காக்கு, பிறந்தது.

விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். மனிதர்களே இதில் இல்லை, பொம்மைகள்தான் நடமாடுகின்றன என்றார்கள். குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் சதுரங்கத்தில் குதிரைக்கு மனப்போராட்டம் இல்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. புதிருக்காகவே வருபவருக்கு இது விருந்து. 'கதாபாத்திரங்கள் மனசில் நிற்கணும்' என்பவருக்கு இதைக் கொடுத்தால் உங்கள் அடுத்த பரிந்துரையை அவர் காதில் வாங்க மாட்டார். உகெட்சுவின் வீட்டு வரைபடங்களும் ஓவியங்களும் இந்த மரபின் இணையத் தலைமுறைப் பிள்ளைகள்.

சஸ்பெக்ட் எக்ஸ்: நிபுணர்களே சண்டை போட்ட புத்தகம்

இப்போது முதல் குழப்பத்துக்கு வருவோம். ஹிகாஷினோ ஒசாகாக்காரர், மின்பொறியியல் படித்தவர், வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதி, 1985-இல் எடோகாவா ராம்போ பரிசு வாங்கியவர். சஸ்பெக்ட் எக்ஸ் 2005-இல் நூலாக வந்தது. அடுத்த ஜனவரியில், பொதுவாக வெகுஜன இலக்கியத்துக்கான பெரிய விருதாகக் கருதப்படும் நவோகி பரிசு அதற்குக் கிடைத்தது.

கதைத் தொடக்கத்தைச் சொல்வதில் தவறில்லை. யசுகோ மகளோடு வாழ்கிறாள், மதிய உணவுப் பொட்டலக் கடையில் வேலை. முன்னாள் கணவன் வந்து தொல்லை கொடுக்க, கைகலப்பில் அவன் சாகிறான். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி கதவைத் தட்டுகிறார்: 'நான் பார்த்துக்கொள்கிறேன்.' எதிர்ப்பக்கம் அவரோடு கல்லூரியில் படித்த இயற்பியலாளர் யுகாவா.

நூல் வந்ததும், ரெய்ட்டோ நிக்காய்டோ என்ற ஹொன்காக்கு நாவலாசிரியர் இது ஹொன்காக்குவே அல்ல என்று வாதிட்டார். வாசகர் தர்க்கத்தின் மூலம் விடையை எட்டத் தேவையான சான்றுகள் முழுமையாக முன்வைக்கப்படவில்லை, யுகாவா கடைசியில் சொல்வது ஊகம்தான் என்பது அவர் கட்சி. பல எழுத்தாளர்களும் விமர்சகர்களும் இறங்கினார்கள், விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. நடுவிலேயே 2006-ஆம் ஆண்டின் ஹொன்காக்கு மர்ம நாவல் பரிசும் அதற்கே போனது. அந்தப் பரிசைத் தீர்மானிப்பது ஹொன்காக்கு எழுத்தாளர் சங்க உறுப்பினர்களின் ஓட்டு.

இது வெறும் சாதிச் சான்றிதழ்ச் சண்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கேள்வி இதுதான்: கொலையைக் காட்டிவிட்ட ஒரு நாவல் வாசகரிடம் எதையாவது மறைத்தால், அது ஏமாற்றா, ஆட்டமா?

என் தீர்ப்பு: ஆட்டம்தான். நாவலுக்குள் இஷிகாமி தன் தேர்வுக் கேள்விகளைப் பற்றி ஓரிடத்தில் சொல்கிறார். பார்த்தால் வடிவியல் கணக்கு போல இருக்கும், உண்மையில் அது இயற்கணிதக் கணக்கு. மாணவர்கள் தங்கள் முன்முடிவாலேயே தடுக்கி விழுவார்கள் என்று. போகிறபோக்கில் வரும் அந்த வரி இந்த முழு நாவலுக்குமான துப்பு. நாம் 'எப்படித் தப்பிப்பார்கள்' என்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நம் முன்னால் இருப்பது வேறு கணக்கு. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் நம்மைத் தோற்கடிக்கிறார். நிக்காய்டோ கேட்ட அளவுக்குக் கறாரான நிரூபணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, இதைப் பரிந்துரைக்கும்போது 'கொலையாளி யார்னு கடைசி வரை தெரியாது' என்று சொன்னால் பொய். 'கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு' என்று சொன்னால் உண்மை, ஆனால் புத்தகத்தைக் கெடுத்தாயிற்று. 'பிடிபடுவாங்களான்னு பார்க்கிற கதை, நிதானமா படி' என்பதுதான் சரியான வாசகம். 2023-இல் வந்த இந்திப் படமான 'ஜானே ஜான்' இதன் அதிகாரபூர்வத் தழுவல். புத்தகம் படிக்கும் எண்ணம் இருந்தால் அதை அப்புறம் பாருங்கள்.

சட்டம் தெரியாமல் இந்தக் கதை புரியாது

ஜப்பானிய க்ரைமில் நமக்கு வினோதமாகப் படும் இரண்டு விஷயங்களுக்கு விளக்கம் சட்டத்தில் இருக்கிறது.

1. காலாவதி. கொலை வழக்குக்கு 15 ஆண்டுகள் என்று வரம்பு இருந்தது. அதற்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. 2005-இல் அது 25 ஆண்டுகளானது, 2010 ஏப்ரலில் கொலைக்கு வரம்பே நீக்கப்பட்டது. ஹிதேயோ யோகோயாமாவின் 'சிக்ஸ் ஃபோர்' நாவலின் முழு அழுத்தமும் இதில்தான் இருக்கிறது. தலைப்பில் உள்ள 64 என்பது ஷோவா 64-ஆம் ஆண்டு, அதாவது பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஜப்பானியக் கணக்கில் 64. பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரி 7-இல் இறந்ததால் ஏழே நாளில் முடிந்துபோன ஆண்டு அது. அந்த ஏழு நாளில் கடத்திக் கொல்லப்பட்ட சிறுமியின் வழக்கு, 14 ஆண்டு கழித்துக் காலாவதியை நெருங்குகிறது.

2. 23 நாள். கைது செய்தால் குற்றப்பத்திரிகைக்கு முன் 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். விசாரணை அறையில் வழக்கறிஞர் உடனிருக்கும் உரிமை இல்லை. வழக்கு நீதிமன்றம் போனால் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனை. அதனால்தான் இந்த நாவல்களில் பரபரப்பான நீதிமன்றக் காட்சிகள் அரிது. உச்சம் ஒப்புதல் வாக்குமூலத்தில் வரும். அதற்கு முன்னால் போலீஸ்காரர் மறுபடி மறுபடி வாசலில் வந்து, தலை குனிந்து வணங்கி, 'இன்னும் ஒரு சின்னக் கேள்வி' என்று கேட்பார். நம்மூர் லாக்கப் காட்சியை எதிர்பார்ப்பவருக்கு அது சாதுவாகத் தெரியும். அந்தக் கதாபாத்திரங்களுக்கு அது எவ்வளவு பயங்கரம் என்பது இந்த 23 நாளைத் தெரிந்துகொண்டால் புரியும்.

படித்து முடித்ததும் கசக்கும் வகை

இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: இயாமிசு. படித்து முடித்ததும் வாயில் கசப்பு மிஞ்சும் மர்ம நாவல். கனாயே மினாட்டோவின் 'கன்ஃபெஷன்ஸ்' இதன் அடையாளம், 2008. பள்ளி ஆசிரியை கடைசி வகுப்பில் மாணவர்களிடம் அமைதியாகச் சொல்கிறார்: என் நான்கு வயது மகள் விபத்தில் சாகவில்லை, கொன்றது இந்த வகுப்பில் இருக்கும் இரண்டு பேர். அதற்கு மேல் என்ன செய்தார் என்பதும் அதே அத்தியாயத்தில் வந்துவிடும். பிறகு ஒவ்வொருவர் வாயாலும் அதே கதை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் அசிங்கமாக. நட்சுவோ கிரினோவின் 'அவுட்', 1997-இல் வந்தது, இதற்கு மூத்த அக்கா: உணவுப் பொட்டலத் தொழிற்சாலையில் இரவுப்பணி பார்க்கும் நான்கு பெண்கள், ஒருத்தி கணவனைக் கொல்ல, மற்றவர்கள் பிணத்தை அப்புறப்படுத்துகிறார்கள். பெண்களின் உழைப்பைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதிய க்ரைம் நாவல்கள் குறைவு. ஆனால் குளியலறைக் காட்சிகளை முன்கூட்டி எச்சரிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அசாகோ யுசுகியின் 'பட்டர்' க்ரைம் அலமாரியில் இருந்தாலும் இந்த வகைகள் எதிலும் வராது. தொடர் கொலைக் குற்றச்சாட்டில் சிறையில் இருக்கும் சமையல்காரியைப் பேட்டி எடுக்கப்போகும் பத்திரிகையாளரின் கதை அது. சாப்பாடு, உடல், பெண்கள் மீதான தீர்ப்புகள் பற்றிய நாவல். கொலை செய்தாளா என்ற கேள்விக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் எப்படிப் பரிந்துரைப்பது?

1. பிடித்த புத்தகத்தைக் கேட்பதைவிட, பாதியில் விட்ட புத்தகத்தைக் கேளுங்கள். பிடித்ததாகச் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் ஊரே சொல்லும் பெயர்கள். பாதியில் விட்டது ஏன் என்பதில்தான் ஆள் தெரிவார். 'இழுவை' என்றால் யோகோயாமாவைக் கொடுக்காதீர்கள். சிக்ஸ் ஃபோரின் பெரும்பகுதி காவல் துறையின் பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டை. 'நம்பவே முடியல' என்று விட்டவருக்கு அயாட்சுஜி வேண்டாம். 'கடைசியில் ஒரு மாதிரி ஆயிடுச்சு' என்றவருக்கு மினாட்டோ கூடவே கூடாது.

2. 'ட்விஸ்ட்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஜப்பானில் ஜோஜுட்ஸு என்றொரு உத்தி உண்டு. கதைக்குள் கொலையாளி போலீஸை ஏமாற்றுவதற்குப் பதிலாக, கதை சொல்லும் விதத்தாலேயே ஆசிரியர் வாசகரை ஏமாற்றுவது. சொல்பவரின் வயது, பாலினம், காலம், இடம் எதையாவது நாமாகவே தப்பாக ஊகிக்கும்படி எழுதுவார்கள். இந்த உத்தி இருக்கிறது என்று சொல்வதே ஸ்பாய்லர். சொன்னதும் வாசகர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார். இந்தக் கட்டுரையில் சொன்ன நூல்களில் எதில் அது இருக்கிறது என்று எழுதாததற்கும் காரணம் அதுவே.

3. பரிசுகள் எதற்குத் தரப்படுகின்றன என்று பாருங்கள். ஹொன்காக்கு பரிசு என்றால் புதிர் பலமாக இருக்கும். ஜப்பானின் புத்தகக் கடை ஊழியர்கள் 2004 முதல் தரும் பரிசு ஒன்று உண்டு. முதல் சுற்றில் பத்து நூல் தேறும். இரண்டாம் சுற்றில் ஓட்டுப் போட அந்தப் பத்தையும் படித்தாக வேண்டும். எந்தக் க்ரைம் நூல் பொது வாசகருக்கும் போய்ச் சேரும் என்பதற்கு எனக்கு இந்தப் பட்டியல்தான் நம்பகமானது. 2009-இல் வென்றது 'கன்ஃபெஷன்ஸ்', அதாவது வகுப்பறைக் கசப்பும் லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேரத்தான் செய்கிறது.

4. க்ரைமே படிக்காதவருக்கு 'நியூகமர்'. ஹிகாஷினோவின் போலீஸ்காரர் காகா, டோக்கியோவின் நிஹொன்பாஷி பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறார். தனியாக வாழ்ந்த பெண் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டிருக்கிறாள். பெரும்பாலான அத்தியாயங்களில் ஒரு கடை: அரிசி முறுக்குக் கடை, உணவகம், பீங்கான் கடை, கடிகாரக் கடை. ஒவ்வொரு கடையிலும் ஒரு குடும்பம் எதையோ ஒளிக்கிறது, கொலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பீங்கான் கடை மாமியார்–மருமகள் சண்டைக்கு நடுவில் சமையலறைக் கத்தரிக்கோல் ஒன்று எப்படி வந்தது என்பதைக் காகா கண்டுபிடிக்கும் விதம், கொலையாளியைக் கண்டுபிடிப்பதைவிட நிறைவாக இருக்கிறது. நம் வாசகர்களுக்கு அந்த அத்தியாயத்துக்கு விளக்கவுரையே தேவைப்படாது.

5. வரிசை. தொடர் நாவல்கள் ஆங்கிலத்துக்கு முன்னுக்குப் பின்னாகத்தான் வந்திருக்கின்றன. யுகாவா வரும் தொடரில் சஸ்பெக்ட் எக்ஸ் மூன்றாவது நூல், ஆங்கிலத்தில் முதலாவது. காகா தொடரில் 'மாலிஸ்' நான்காவது, 'நியூகமர்' எட்டாவது. பெரும்பாலும் இதனால் நஷ்டமில்லை. ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. 'ஏன்' என்ற கேள்வியை மட்டும் வைத்து ஒரு நாவல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்புபவர் 'மாலிஸ்'ஸில் தொடங்கலாம். கொலையுண்ட எழுத்தாளர், அவர் நண்பர் எழுதிய குறிப்புகள், பாதி வருவதற்குள் பிடிபடும் குற்றவாளி. மிச்சப் பாதி முழுக்கக் காரணத்தைத் தேடும் வேட்டை. அப்புறம் 'நியூகமர்', 'எ டெத் இன் டோக்கியோ'. 'தி ஃபைனல் கர்ட்டன்' மட்டும் கடைசிக்கு இருக்கட்டும். காகாவின் அம்மா ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பது அதில்தான் வருகிறது. காகாவோடு கொஞ்ச நாள் பழகாதவருக்கு அது இன்னொரு தகவலாகத்தான் கடந்துபோகும்.